ஜெபக் கூடத்தில் ராக்கெட்... தும்பா தேவாலயம் அருங்காட்சியகம் ஆனது எப்படி?

திருவனந்தபுரத்தை ஒட்டிய கடற்கரை ஊர் தும்பா. அங்குள்ள பழைய மேரி மக்தலேனா தேவாலயத்துக்குள் இன்றைக்குப் போனால் திருப்பலி கிடையாது, பாடல் கிடையாது. ராக்கெட் மாதிரிகள்தான் நிற்கும். இஸ்ரோவின் விண்வெளி அருங்காட்சியகம் அது.

மீனவக் கிராமத்துச் சர்ச் ஒன்று விஞ்ஞானிகள் கைக்கு ஏன் போனது? பூமியின் காந்த நடுக்கோடு தும்பாவுக்கு மிக அருகில் செல்கிறது. அந்தக் கோட்டுக்கு மேலே, சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில், பகலில் பலமான மின்னோட்டம் ஓடும். பலூன் அவ்வளவு உயரம் எட்டாது; செயற்கைக்கோள் அவ்வளவு கீழே சுற்றாது. உள்ளே புகுந்து அளக்க ராக்கெட்தான் ஒரே வழி.

அந்த இடத்தைக் கேட்டு பிஷப் பீட்டர் பெர்னார்ட் பெரேராவிடம் போனார் விக்ரம் சாராபாய். ஞாயிறு திருப்பலியில் பிஷப் மக்களிடமே கேட்டார், அவர்களும் சம்மதித்தார்கள் என்று அப்துல் கலாம் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். சர்ச்சோடு சேர்த்து வீடுகளையும் விட்டுக் கிளம்பின மீனவக் குடும்பங்கள். தும்பா பற்றிய வீடியோக்களில் இது பெரும்பாலும் ஒரே வரியில் கடந்துபோகும். குடியிருந்த வீடு, கும்பிட்ட பீடம், படகு இழுத்த கரை எல்லாவற்றையும் ஒன்றாகக் கொடுத்தவர்கள் அவர்கள். இன்னும் நாலு வரியாவது சொல்லலாம்.

ஜெபக் கூடம் ஆய்வகமானது. பிஷப்பின் அறையில் வரைபட வேலை. 1963 நவம்பர் 21 அன்று ஏவிய முதல் ராக்கெட், அமெரிக்காவின் நைக்-அப்பாச்சி, இந்தச் சர்ச் கட்டடத்தில்தான் பாகம் பாகமாகப் பொருத்தப்பட்டது. பொருத்தும் பொறுப்பு கலாமுக்கு. அங்கிருந்து லாரியில் ஏவுதளம் போனால், கடைசி நேரத்தில் கிரேன் மக்கர் பண்ணியது. ஹைட்ராலிக் கசிவு! பழுது பார்க்க நேரமில்லை. ஆட்களே கூடி ராக்கெட்டைத் தூக்கி வைத்தார்கள். அந்தி வானத்தில் அது விட்டுப்போன சோடியம் ஆவி ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்ந்தது.

1968 பிப்ரவரி 2-ல் ஏவுதளத்தை ஐ.நா.வுக்கு அர்ப்பணித்தார் இந்திரா காந்தி. புதுக் கட்டடங்கள் பெருகியபின், பழைய சர்ச் அருங்காட்சியகமானது. வெளியிலிருந்து பார்த்தால் இன்னும் சர்ச்தான்.

இடம்பெயர்ந்தவர்களுக்குப் பக்கத்துப் பள்ளித்துறையில் அதே மேரி மக்தலேனா பெயரில் புதிய தேவாலயம் எழுந்தது. ஞாயிறு திருப்பலி இப்போது அங்கேதான்.