மேல் தட்டைப் பார்த்தால் தலை சுற்றுகிறதா?

பரணிலிருக்கும் அப்பளக் கட்டை எடுக்க அண்ணாந்ததும் கடையே சுழல்கிறது. ஏணியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினால் அரை நிமிடத்தில் நின்றுவிடுகிறது. இரவு படுக்கையில் புரண்டால் மறுபடியும் அதே சுற்றல். ஐம்பதைத் தாண்டிய வணிக நண்பர்கள் பலர் சொல்லும் குறை இது. பித்தம் என்று இஞ்சிச் சாறு குடிப்பார்கள், பிரஷர் என்று உப்பைக் குறைப்பார்கள். (உப்பைக் குறைப்பதில் நஷ்டமில்லை; அது வேறு விஷயம்.)

நாமும் எட்டு மாதம் அப்படித்தான் இருந்தோம். ஒருநாள் மண்டியில் அடுக்கை நிமிர்ந்து பார்த்து மூட்டை எண்ணும்போது சாய்ந்துவிட்டோம். மிளகாய் மூட்டை மேல் விழுந்ததால் தலை தப்பியது. ஒரு மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்து மாத்திரை தந்தார்கள். தூக்கம் வந்ததே தவிர சுற்றல் போகவில்லை. முதலாளி கல்லாவில் தூங்கினால் வியாபாரம் என்ன ஆகும்?

கடைசியில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டர் நம் தலையை வலப்பக்கம் திருப்பி, சட்டென்று மல்லாக்கப் படுக்கவைத்தார். சுற்றல் வந்தது. கண்மணி துடிப்பதைப் பார்த்து, "வலது காதுதான்" என்றார். டிக்ஸ், ஹால்பைக் என்ற இருவர் 1952ல் லண்டனிலிருந்து எழுதிய சோதனை இது.

உள்காதில் நீர் நிறைந்த மூன்று அரைவட்டக் குழாய்கள் உள்ளன. தலை திரும்புவதை மூளைக்குச் சொல்பவை அவையே. பக்கத்திலுள்ள பையில் கால்சியம் கார்பனேட் துகள்கள் ஒட்டியிருக்கும். வயதானாலோ, தலையில் அடிபட்டாலோ சில துகள்கள் கழன்று குழாய்க்குள் போய்விடும். தலையை அசைத்தால் அவை உருண்டு நீரைத் தள்ளும். தலை நின்ற பிறகும் "சுற்றுகிறோம்" என்றே மூளைக்குச் சேதி போகும். தராசுத் தட்டின் அடியில் புளி ஒட்டியிருந்தால் முள் பொய் சொல்லுமல்லவா, அதே கதைதான். முள்ளைக் கையால் பிடித்து நிறுத்துவதுதான் மாத்திரை. புளியைச் சுரண்டி எடுக்க வேண்டாமா?

அதற்கு வழி சொன்னவர் அமெரிக்காவில் போர்ட்லண்ட் நகர டாக்டர் ஜான் எப்லி. 1992ல் முறையை விரிவாக வெளியிட்டார். வலது காது என்றால், தலையை வலப்பக்கம் திருப்பி, கட்டில் விளிம்புக்கு வெளியே சற்றுத் தொங்கும்படி படுக்க வேண்டும். பிறகு தலையை இடப்பக்கம் திருப்பி, உடம்போடு இடப்பக்கம் புரண்டு, முகம் தரையைப் பார்க்க வேண்டும். அப்புறம் எழுந்து உட்கார வேண்டும். ஒவ்வொரு நிலையிலும் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை. துகள் வந்த வழியே பைக்குத் திரும்பிவிடும். பலருக்கு ஒன்றிரண்டு முறையிலேயே குணம் தெரிகிறது.

இதைப் படித்துவிட்டு வீட்டில் தானாகச் செய்ய வேண்டாம். எந்தக் காது, எந்தக் குழாய் என்று தெரிய வேண்டும். கழுத்து எலும்புத் தேய்மானம் உள்ளவர்களுக்கு இன்னும் ஜாக்கிரதை தேவை. டாக்டரோ, இதில் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட்டோ முதலில் செய்து காட்டட்டும். சுற்றலோடு பேச்சுக் குழறினாலும், ஒரு பக்கம் கை கால் தளர்ந்தாலும், பார்வை இரண்டாகத் தெரிந்தாலும் அது காது விவகாரம் அல்ல. கடையைப் போட்டது போட்டபடி விட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

சரியான பிறகும் சிலருக்குத் திரும்ப வருவதுண்டு. நமக்கும் போன தீபாவளி சீசனில் வந்தது. காலையில் பிசியோதெரபிஸ்ட்டிடம் போனோம், மதியம் கல்லாவில் இருந்தோம்.