ஏர்கூலரா, ஃபேனா?

கோடை வந்தால் நொச்சிக்குப்பம் குழுக்களில் ஏர்கூலர் வாங்க உள்கடன் கேட்பதைப் பார்க்கிறோம். கொஞ்சம் யோசிப்போமா?

ஏர்கூலரில் தண்ணீர் ஆவியானால்தான் காற்று குளிரும். நம்ம கடற்கரைக் காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம். தண்ணீர் சரியா ஆவியாகாது. வீட்டுக்குள் புழுக்கம் கூடும், கடன்தான் மிச்சம்!

ஃபேனையே பார்த்து வாங்குவோம். பழைய மாதிரி சீலிங் ஃபேன் சுமார் 75 வாட், பி.எல்.டி.சி. மோட்டார் ஃபேன் சுமார் 30 வாட். முழு வேகத்தில் தினம் 16 மணி நேரம் ஓடினால், 60 நாளில் முதலாவதுக்கு 72 யூனிட், அடுத்ததுக்கு 29 யூனிட்தான். விலை கூடுதல்தான், ஆனால் 43 யூனிட் மிச்சம்.

2023 முதல் சீலிங் ஃபேனுக்கு நட்சத்திர லேபிள் கட்டாயம். கடையில் நட்சத்திரத்தை எண்ணிப் பாருங்க. கடன் கேட்கும் முன் குழுக் கூட்டத்தில் பேசி முடிவெடுங்க!