சமையல் மேடைக்குக் கல் விற்கும்போது

வீடு கட்டுகிறவர் செங்கல், சிமெண்டு, கம்பி என்று எல்லாவற்றுக்கும் அலைந்து களைத்த பிறகு கடைசியில் வந்து நிற்கும் இடங்களில் ஒன்று கல் கடை. கையில் பணமும் குறைந்திருக்கும், மனதில் பொறுமையும் குறைந்திருக்கும். "நல்ல கருப்பா, பளபளன்னு ஒண்ணு குடுங்க" என்பார். நாமும் எடுத்துக் கொடுத்து விடுகிறோம். அந்தக் கல்லின் மீதுதான் அந்த வீட்டார் அடுத்த முப்பது, நாற்பது ஆண்டுகள் சமைக்கப் போகிறார்கள் என்பதை இருவருமே நினைப்பதில்லை.

இதில் நாமும் தவறியிருக்கிறோம். அதைச் சொல்லிவிட்டே மேலே செல்வது முறை.

சில ஆண்டுகளுக்கு முன்பு கம்மாபுரத்தில் சிறிய கடை வைத்திருக்கும் ஒரு சில்லறை வியாபாரி நம்மிடம் கருப்பு கிரானைட் எடுத்துச் சென்று, தம் தெருவிலேயே கட்டிய ஒரு புது வீட்டுக்குக் கொடுத்தார். ஒன்றரை ஆண்டுக்குள் தொட்டி ஓரமும் அடுப்பைச் சுற்றிய இடமும் சாம்பல் பூத்தாற்போல் வெளுத்து விட்டன. அவர் ஒரு துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். "அண்ணே, சரக்கு உங்களுது. தெருவுல திட்டு வாங்குறது நான்" என்றார். வெள்ளைத் துணியில் தின்னரை நனைத்துத் தேய்த்தோம். துணி கருத்தது. சாம்பல் நிறக் கல்லுக்குச் சாயம் ஏற்றிக் கருப்பு என்று நம் தலையில் கட்டியிருக்கிறார்கள். நாமும் பார்க்காமல் அவர் தலையில் கட்டியிருக்கிறோம். கல்லின் விலையையும் கொத்தனார் கூலியையும் திருப்பிக் கொடுத்தோம். பணம் ஒரே நாளில் திரும்பிவிட்டது. அவருடைய பெயர் அந்தத் தெருவில் திரும்ப வெகுநாள் ஆயிற்று.

அன்று முதல் சோதித்துப் பார்க்காத கல்லை நாம் விற்பதில்லை. அந்தச் சோதனைகள் எளியவை; செலவும் இல்லாதவை. நம் சங்க உறுப்பினர்கள் அனைவரும் கைக்கொள்ளலாம்.

பெயரும் கல்லும்

கடைக்கு வரும் கற்களை இரண்டு குடும்பங்களாகப் பிரித்துக் கொண்டால் குழப்பம் தீரும்.

முதல் குடும்பம் சுண்ணாம்புச் சத்துள்ளவை. ராஜஸ்தானின் மக்ரானா முதலிய இடங்களிலிருந்து வரும் சலவைக்கல்லும், ஆந்திராவின் கடப்பைக் கல்லும் இதில் சேரும். புளித்தண்ணீர், எலுமிச்சம் சாறு, தயிர், வினிகர் எது பட்டாலும் இவற்றின் மெருகு போய்விடும். சலவைக்கல்லில் மஞ்சள் கறையும் ஏறும். தாஜ்மகாலுக்கு ஏற்ற கல் என்பது உண்மைதான். ஆனால் அங்கே யாரும் ரசம் வைப்பதில்லை. வெள்ளைக் கல்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவரிடம் பூஜை அறைக்குப் போடச் சொல்லலாம்.

கடப்பைக் கல்லை இழிவாகப் பேச வேண்டாம். விலை மலிவு; அலமாரித் தட்டுக்கு அதற்கு இணை இல்லை. எத்தனையோ பழைய வீடுகளில் இன்றும் அதன் மேல்தான் சமையல் நடக்கிறது. மெருகு மங்கும், அடுக்கு அடுக்காகப் பெயரக்கூடும் என்று முன்கூட்டியே சொல்லி விற்றால் வருத்தம் வராது.

இரண்டாவது குடும்பம் கிரானைட். சமையலறைப் புளிப்பு இதை எளிதில் தின்னாது. கத்தி பட்டாலும் எளிதில் கீறாது. திண்டிவனம் பக்கத்துக் குன்னம் கருப்பு, கிருஷ்ணகிரி பக்கத்து பாரடைசோ, மதுரை மேலூர்ப் பக்கத்து வெள்ளை ரகங்கள், ஆந்திராவின் சீமகுர்த்தியில் எடுக்கும் புள்ளி மின்னும் பிளாக் கேலக்ஸி எல்லாம் இந்தப் பெயரில்தான் விற்கின்றன. கருப்பு ரகங்களை நிலவியல் அறிந்தவர்கள் கிரானைட் என்று சொல்வதில்லை. டோலரைட், கேப்ரோ என்பார்கள். வியாபாரத்தில் எல்லாம் ஒரே பெயர். நல்ல கருப்பு இறுக்கமானது, எண்ணெய் குடிப்பது குறைவு. வெளிர் நிறக் கற்களில் சில ரகங்கள் எண்ணெயை உறிஞ்சிக் கறை பிடிக்கும்.

இப்போது மூன்றாவதாக 'குவார்ட்ஸ்' என்ற பெயரில் ஒரு பலகை வருகிறது. இது மலையில் வெட்டி எடுத்த கல் அல்ல. கல்தூளைப் பிசினோடு சேர்த்து ஆலையில் அழுத்திச் செய்வது. கறை பிடிப்பது குறைவுதான். ஆனால் அடுப்பிலிருந்து இறக்கிய வாணலியை நேரே வைத்தால் பிசின் கருகித் தழும்பு விழலாம். இயற்கைக் கல் என்று சொல்லி இதை விற்பது தவறு.

கடையிலேயே நான்கு சோதனைகள்

விருத்தாசலம் பீங்கான் ஊர். சூளையில் ஒருமுறை சுட்டு மெருகுப்பூச்சு ஏற்றாத ஓடு தண்ணீரைக் குடிக்கும், மெருகேற்றியது குடிக்காது என்பது இங்கே சிறுவர்களுக்கும் தெரியும். கல்லுக்கும் அதே கணக்குத்தான்.

ஒன்று, தண்ணீர். கல்லின் மேல் சிறிது தண்ணீர் ஊற்றிக் கால் மணி நேரம் விட்டுத் துடைக்க வேண்டும். அந்த இடம் கருத்து நின்றால் கல் உறிஞ்சுகிறது என்று பொருள். சமையலுக்கு அதைத் தவிர்க்கலாம், அல்லது சீலர் பூசி, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும் என்று சொல்லி விற்கலாம்.

இரண்டு, எலுமிச்சை. துண்டுக் கல்லில் சாறு விட்டு அரை மணி கழித்துக் கழுவினால், மெருகு மங்கிய கல் சுண்ணாம்புக் குடும்பம்.

மூன்று, தின்னர். வெள்ளைத் துணியால் முகப்பையும், முதுகையும், அறுத்த ஓரத்தையும் தேய்க்க வேண்டும். துணியில் கருப்பு ஏறினால் சாயம். உண்மையான கருப்புக் கல்லும் மெருகேற்றாத முதுகில் சாம்பலாகத்தான் தெரியும். அதைக் கண்டு மிரள வேண்டாம். துணி சொல்வதுதான் சாட்சி.

நான்கு, ஓசை. சட்டி பானை வாங்கும்போது தட்டிப் பார்க்கிறோம் அல்லவா? கல்லையும் நிமிர்த்தி வைத்துத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். மந்தமான ஓசை வந்தால் உள்ளே விரிசல் இருக்கலாம். முதுகில் வலை ஒட்டியிருந்தால், வலுக் குறைந்த கல்லுக்குத் தாங்கல் கொடுத்திருக்கிறார்கள் என்பதை வாங்குபவரிடம் சொல்லிவிட வேண்டும்.

வண்டியிலிருந்து வீடு வரை

18 மி.மீ. கனமுள்ள கிரானைட் சதுர அடிக்கு ஏறத்தாழ நாலரை கிலோ எடை இருக்கும். படுக்கப் போட்டு ஏற்றினால் தன் பாரத்திலேயே முறியும். நிமிர்த்தித்தான் ஏற்ற வேண்டும். தொட்டிக்கு அறுக்கும் இடத்தில்தான் கல் மிகவும் பலவீனமாகிறது. மூலைகளைக் கூர்மையாக வெட்டினால் அங்கிருந்தே விரிசல் ஓடும். வளைவாக அறுத்து, அடியில் தாங்கல் கொடுக்கச் சொல்லுங்கள். மேடையின் மேல் தேங்காய் உடைக்க வேண்டாம் என்று வீட்டாரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

இன்னொன்றும் உண்டு. கல்லை உலர்வாக அறுத்தால் எழும் தூள் நுரையீரலில் தங்கிச் சிலிக்கோசிஸ் என்னும் நோயைத் தருகிறது. அதைக் குணப்படுத்த மருந்து இல்லை. குவார்ட்ஸ் பலகை போன்ற செயற்கைக் கல்லை அறுத்த தொழிலாளர்களுக்கு இந்த நோய் கண்டதால் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அதற்குத் தடையே விதித்துவிட்டது. கிரானைட் தூளிலும் இந்த ஆபத்து உண்டு. நம் ஆட்கள் வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு அறுக்கிறார்கள்; அது போதாது. தண்ணீர் விட்டுத்தான் அறுக்க வேண்டும், சரியான முகக்கவசமும் கொடுக்க வேண்டும். வீட்டுக்காரர் அவசரப்படுத்தினாலும் நாம் இதில் விட்டுக் கொடுக்கக் கூடாது.

பில்லில் என்ன எழுதுகிறோம்?

'கருப்பு கல், 40 சதுர அடி' என்று எழுதுவதோடு நம்மில் பலர் நிறுத்தி விடுகிறோம். கல்லின் பெயர், எடுத்த ஊர், கனம், வலை உண்டா இல்லையா, சாயம் இல்லை என்ற உறுதி, இவ்வளவும் எழுதுவோம். நமக்குச் சரக்கு அனுப்புகிறவரிடமும் இதையே கேட்டு வாங்குவோம். 2020 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறைபாடுள்ள பொருளுக்கு உற்பத்தியாளரோடு விற்பவரையும் பொறுப்பாக்க வழி செய்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். மொத்த வியாபாரி எழுதித் தராத உறுதியைச் சில்லறை வியாபாரி தன் வாயால் கொடுக்க நேர்கிறது. கல் வெளுத்தால் தெருவில் நிற்பவர் அவர்தான்.

கம்மாபுரத்து வியாபாரி இன்றும் நம்மிடம் சரக்கு எடுக்கிறார். வந்தவுடன் விலை கேட்பதற்கு முன்பு கல்லாவின் அருகில் இருக்கும் தின்னர் புட்டியையும் துணியையும் கேட்டு வாங்கித் தாமே தேய்த்துப் பார்க்கிறார். நாம் அதற்கு வருத்தப்படுவதில்லை. எல்லாக் கடையிலும் அப்படி ஒரு புட்டி இருக்கட்டும்.