பழைய டீசல் சுமையுந்துகளில் எண்ணெய் அழுத்தச் சோதனை

எண்ணெய் அழுத்தச் சோதனை என்பது, ஓடும் பொறியில் உயவு எண்ணெயின் அழுத்தத்தை அளந்து, தயாரிப்பாளர் குறித்துள்ள குறைந்தபட்ச அளவுடன் ஒப்பிடும் முறையாகும். ஓட்டுநர்களும் பட்டறையினரும் இதனை ஆயில் பிரஷர் பார்த்தல் என்று வழங்குவர். நெடுந்தொலைவு ஓடிய டீசல் பொறியில் அழுத்தம், புதிய பொறியில் இருந்ததைவிடக் குறைந்திருப்பது இயல்பு. எனவே காட்டியின் முள் தாழ்ந்து நிற்பது எப்போதும் பழுதைக் குறிப்பதில்லை. அதேபோல், முள் நடுவில் நிற்பது பொறி நலமாக உள்ளது என்பதற்குச் சான்றும் ஆகாது. பொறியைப் பிரிப்பது பெருஞ்செலவு. அழுத்தமின்றி ஓட்டினாலோ பொறி சில நிமிடங்களில் பாழாகிவிடும். ஆகவே நேரடியாக அளந்த பின்னரே முடிவெடுத்தல் வேண்டும்.

இக்கட்டுரையில் அமெரிக்காவின் டாட்ஜ் ராம் பிக்கப் சுமையுந்துகளில் 1989 முதல் 1998 வரை பொருத்தப்பட்ட, ஆறு உருளைகளும் 12 வால்வுகளும் கொண்ட 5.9 லிட்டர் கம்மின்ஸ் டீசல் பொறி எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

அழுத்தம் உருவாகும் விதம்

எண்ணெய் எக்கி உண்டாக்குவது ஓட்டத்தையே ஆகும். அவ்வோட்டம் குறுகிய இடைவெளிகளின் வழியே செல்லும்போது ஏற்படும் தடையினால் அழுத்தம் பிறக்கிறது. கிராங்க் தண்டுக்கும் அதன் பேரிங்குகளுக்கும் இடையேயுள்ள மெல்லிய இடைவெளி இவற்றுள் முதன்மையானது. ஆண்டுக்கணக்கில் தேய்மானம் ஏற்படும்போது இவ்விடைவெளி அகன்று, எண்ணெய் எளிதில் வெளியேறுகிறது. இடைவெளி இருமடங்கானால், பிற நிலைமைகள் மாறாதபோது, வெளியேறும் எண்ணெயின் அளவு ஏறத்தாழ 8 மடங்காகும்.

எண்ணெயின் பாகுத்தன்மையும் அழுத்தத்தை மாற்றும். குளிர்ந்த எண்ணெய் தடிப்பாக இருப்பதால், தேய்ந்த பொறியும் காலையில் உயர்ந்த அழுத்தத்தைக் காட்டும். சூடேறி எண்ணெய் இளகிய பின்னர், பொறி மெதுவாகச் சுற்றும் வெற்றோட்டத்தில்தான் உண்மை நிலை வெளிப்படும்.

இயல்பான அளவுகள்

மேற்கண்ட பொறிக்கு, இயங்கு வெப்பநிலையில் குறிக்கப்பட்ட குறைந்தபட்ச அளவுகள் பின்வருமாறு:

* வெற்றோட்டத்தில்: 10 பி.எஸ்.ஐ, அதாவது 69 கிலோபாசுக்கல்
* நிமிடத்துக்கு 2500 சுற்றுகளில்: 30 பி.எஸ்.ஐ, அதாவது 207 கிலோபாசுக்கல்

3 லட்சம் மைல், அதாவது ஏறத்தாழ 4.8 லட்சம் கிலோமீட்டர் ஓடிய ஒரு வண்டி, சூடான நிலையில் வெற்றோட்டத்தில் 15 பி.எஸ்.ஐ காட்டினால் உரிமையாளர் அஞ்சுவது வழக்கம். ஆயினும் அது எல்லைக்குள் உள்ள அளவே. ஆயிரம் சுற்றுகளுக்கு 10 பி.எஸ்.ஐ வேண்டும் என்பது பட்டறைகளில் வழங்கும் பொதுவிதி மட்டுமே. அந்தந்தப் பொறிக்குரிய கையேட்டின் அளவே ஏற்கத்தக்கது.

காட்டியின் நம்பகத்தன்மை

ஓட்டுநரின் முன்னுள்ள காட்டி மின் உணரியைச் சார்ந்தது. உணரி பழுதானாலும், கம்பி இணைப்பில் துரு ஏறினாலும் முள் தவறான அளவைக் காட்டும். சில வண்டிகளில் காட்டி உண்மையான அளவைக் காட்டுவதே இல்லை. எடுத்துக்காட்டாக, ஃபோர்டு சுமையுந்துகளின் 7.3 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் பொறியில் உணரிக்குப் பதிலாக ஓர் அழுத்த விசைமாற்றியே உள்ளது. சிறிதளவு அழுத்தம் இருந்தாலே அதன் முள் நடுவில் வந்து நின்றுவிடும். இத்தகைய வண்டிகளில் முள்ளைக் கொண்டு பேரிங் தேய்மானத்தை அறிய இயலாது.

சோதனை செய்யும் முறை

1. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கைத்தடையை இட்டு, கியரை நடுநிலையில் வைக்கவும். பொறியை நிறுத்திச் சில நிமிடங்கள் கழித்து, அளவுகோலில் எண்ணெய் மட்டத்தைப் பார்க்கவும்.
2. வண்டியை 20 முதல் 30 நிமிடங்கள் ஓட்டவும். எண்ணெய் சூடேற, குளிர்விக்கும் நீரைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கும்.
3. பொறியை நிறுத்தி உணரியைக் கழற்றி, அதே இழை அளவுள்ள இணைப்பின் மூலம் இயந்திர அழுத்தமானியைப் பொருத்தவும். எண்ணெய் சுடும், கையுறை அணிதல் நன்று. குழாய் விசிறி, பட்டை, டர்போ ஆகியவற்றில் படாமல் இருக்க வேண்டும்.
4. பொறியை இயக்கவும். 15 வினாடிகளுக்குள் அழுத்தம் ஏறாவிடில் உடனே நிறுத்தவும்.
5. வெற்றோட்டத்திலும் 2500 சுற்றுகளிலும் காணும் அளவுகளைக் குறித்துக்கொள்ளவும்.

முடிவுகளை அறிதல்

* அழுத்தமானி சரியான அளவைக் காட்டி, வண்டியின் காட்டி மட்டும் குறைத்துக் காட்டினால், பழுது உணரியிலோ கம்பியிலோ உள்ளது.
* வெற்றோட்டத்தில் மட்டும் அளவு குறைந்தால், பேரிங் தேய்மானம் அல்லது எண்ணெய் இளகியிருத்தல் காரணமாகலாம்.
* எல்லா வேகத்திலும் குறைந்தால், திறந்தபடி சிக்கிய அழுத்தச் சீராக்கி வால்வு, தேய்ந்த எக்கி, அடைபட்ட உறிஞ்சு வலை ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும்.
* முள் துடித்தால், எண்ணெய் மட்டம் குறைந்தோ உறிஞ்சு குழாயில் கசிவு ஏற்பட்டோ காற்று கலந்திருக்கலாம்.

எண்ணெய் மட்டம் தானாக உயர்ந்து டீசல் மணம் வீசினால், எரிபொருள் கசிந்து எண்ணெயில் கலந்துள்ளது எனலாம். உட்செலுத்து எக்கியின் முன்புற அடைப்பு தேய்வது இதற்கு ஒரு காரணம். இந்நிலையில் கசிவை நீக்கி எண்ணெயை மாற்றிய பின் மீண்டும் அளக்க வேண்டும். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் குளிர்விக்கும் நீர் கலந்துள்ளது. அப்போது வண்டியை ஓட்டலாகாது.

தடித்த எண்ணெய் இடுதல்

அழுத்தத்தை உயர்த்த, பரிந்துரைக்கப்பட்ட 15டபிள்யூ-40 எண்ணெய்க்குப் பதிலாக மேலும் தடித்த எண்ணெயை இடுவோர் உண்டு. இதனால் முள் உயரும், தேய்மானம் நீங்காது. குளிர்காலத்தில் அத்தகைய எண்ணெய் டர்போவின் பேரிங்குகளைச் சென்றடையத் தாமதமாவதால் புதிய சேதமும் நேரலாம்.

தொடர்ந்து பதிவு செய்தல்

ஒருமுறை எடுத்த அளவைவிட, ஒவ்வொரு எண்ணெய் மாற்றத்தின்போதும் அதே வெப்பநிலையில், அதே வேகத்தில் எடுத்த அளவுகள் மிகுந்த பயன் தரும். பல ஆண்டுகளாக 15 பி.எஸ்.ஐ அளவிலேயே நிற்கும் பொறி கவலைக்குரியதன்று. சில மாதங்களில் 30இலிருந்து 15க்கு இறங்கிய பொறியோ, எல்லைக்குள் இருப்பினும், உடனடிக் கவனத்துக்குரியது. அப்போது பழைய வடிகட்டியை வெட்டி உலோகத் துகள்கள் உள்ளனவா எனப் பார்க்கலாம். எண்ணெய் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பவும் செய்யலாம். அதில் ஈயம், செம்பு, வெள்ளீயம் ஆகியவற்றின் அளவு உயர்ந்து வருவது பேரிங்குகள் தேய்வதன் அறிகுறியாகும்.