வேலைக்குப் போகும் வழியில் விபத்து நேர்ந்தால்...
(வானொலி உரை)



நம் வீட்டுப் பிள்ளைகளில் ஒருவர் சர்க்கரை ஆலைக்கோ நூற்பாலைக்கோ வேலைக்குப் போகிறார். நம் வயலுக்கும் நாலு பேர் கூலிக்கு வருகிறார்கள். ஆகவே நாம் ஒரு பக்கம் தொழிலாளி குடும்பம், மறு பக்கம் முதலாளி. இன்றைக்குச் சொல்லப்போகும் விஷயம் இரண்டு பக்கத்துக்கும் உதவும்.

மகாராஷ்டிர மாநிலத்தில் ஒரு சர்க்கரை ஆலைக் காவலாளி. அவருக்கு வேலை விடியற்காலை 3 மணி முதல் பகல் 11 மணி வரை. 2003 ஏப்ரல் 22 அன்று மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் புறப்பட்டார். ஆலைக்கு இன்னும் 5 கிலோமீட்டர் இருக்கும்போது விபத்தில் இறந்துபோனார். தாயாரும் மனைவி மக்களும் ஆதரவில்லாமல் நின்றார்கள்.

நஷ்டஈட்டு ஆணையர் 3,26,140 ரூபாயும் அதற்கு 12 சதவீத வட்டியும் கொடுக்கச் சொன்னார். இன்ஷூரன்ஸ் கம்பெனி மேல் முறையீட்டுக்குப் போனது. "ஆலைக்குள் நடக்கவில்லையே, ரோட்டில் நடந்த விபத்துக்கு முதலாளி எப்படிப் பொறுப்பு?" என்பது கேள்வி. பம்பாய் உயர் நீதிமன்றம் ஆணையர் உத்தரவை ரத்து செய்துவிட்டது. குடும்பம் விடவில்லை, உச்ச நீதிமன்றம் வரை போனது. 2025 ஜூலை 29 அன்று தீர்ப்பு வந்தது. வேலை நேரம், போன பாதை, விபத்து நடந்த இடம் மூன்றும் வேலையோடு பொருந்துகின்றன. எனவே இது வேலையின்போது நேர்ந்த விபத்தே என்று சொல்லி, ஆணையரின் உத்தரவை மீண்டும் நிலைநாட்டியது. 22 வருஷ வட்டி மட்டும் அசலைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல்!

இ.எஸ்.ஐ. சட்டத்தில் இந்தப் பாதுகாப்பு 2010 முதலே இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இது எழுதப்பட்டிருக்கிறது. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதும், வேலை முடிந்து வீடு திரும்பும்போதும் நேரும் விபத்து இதில் அடங்கும்.

"அப்படியானால் ரோட்டில் எங்கே விழுந்தாலும் பணம் வருமா?" என்று கேட்பீர்கள். வராதுங்க. சந்தைக்கும் சினிமாவுக்கும் சுற்றிவிட்டு வரும்போது விழுந்தால் வேலையோடு தொடர்பு காட்ட முடியாது. அதனால்தான் ஆதாரம் முக்கியம். வருகைப் பதிவேடு, ஷிப்ட் நேரம், சம்பளச் சீட்டு, போலீஸில் பதிவான முதல் தகவல் அறிக்கை, ஆஸ்பத்திரிச் சீட்டு இவற்றைப் பத்திரமாக வையுங்கள். மனு கொடுப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். காலக்கெடு உண்டு.

இனி நம் வயலுக்கு வருவோம். டிராக்டரோ, மின்சாரத்திலும் எந்திரத்திலும் ஓடும் மற்ற கருவிகளோ கொண்டு செய்யும் விவசாயம், கிணறு வெட்டுதல், ஆழப்படுத்துதல், பம்பு செட் பழுது பார்த்தல் போன்ற வேலைகள் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் அட்டவணையில் இருக்கின்றன. அந்த வேலையில் ஆள் அடிபட்டால், வேலைக்கு வைத்த நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.

எவ்வளவு வரும்? ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். இறந்தவருக்கு வயது 40, மாத வருமானம் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருமானத்தில் பாதி 6,000. நாற்பது வயதுக்கு அட்டவணையில் உள்ள எண் 184.17. பெருக்கினால் 11,05,020 ரூபாய். ஒரு ஏக்கரை விற்றாலும் கட்டுப்படியாகுமா, சொல்லுங்கள்!

இதற்கு வழி இன்ஷூரன்ஸ்தான். ஆனால் "டிராக்டருக்குப் பாலிசி இருக்கே" என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். டிராக்டரில் உட்கார டிரைவருக்கு மட்டும்தான் இடம். மட்கார்டு மேல் உட்கார்ந்து வந்தவர் விழுந்தால், அவருக்குப் பாலிசியில் இடமில்லை என்று கம்பெனி வாதாடும். ஆகவே ஆளை அங்கே ஏற்றவே ஏற்றாதீர்கள். பாலிசி எடுக்கும்போதே, "டிரைவருக்கு உண்டா? டிரெய்லருக்குத் தனியா? வேலையாட்களுக்கு எத்தனை பேர் வரை?" என்று கேட்டு, பாலிசியில் எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல் கோர்ட்டில் நிற்காது.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. ஒன்று: இறப்பு நேர்ந்தால் ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி, குடும்பத்தார் கையில் பணம் கொடுத்துக் கணக்கை முடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். நஷ்டஈட்டை உரிய அதிகாரியிடம்தான் கட்ட வேண்டும். இரண்டு: நஷ்டஈடு சேர வேண்டிய நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் கட்டாமல் காலம் தாழ்த்தினால் வட்டி ஏறும், அபராதமும் வரலாம். நஷ்டஈட்டையும் வட்டியையும் இன்ஷூரன்ஸ் கம்பெனி ஏற்றாலும், அபராதம் முதலாளியின் சொந்தப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 1997-லேயே சொல்லிவிட்டது.

விதைக்கும் முன் விதையைச் சோதிக்கிறோம். அதுபோல அடுத்த உழவு தொடங்கும் முன் பாலிசியை எடுத்து ஒரு தரம் படித்துப் பாருங்கள். புரியாததை மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேளுங்கள். அந்தக் காவலாளி குடும்பம் 22 வருஷம் காத்திருந்தது. நம்மை நம்பி வேலைக்கு வரும் குடும்பம் அப்படிக் காத்திருக்க வேண்டாம்.