புண்ணைக் காய விடாதீங்க



கயத்தாறு, கோவில்பட்டி கரிசல்காட்டுல மாட்டுக்குக் கருவேல முள் குத்துறது புதுசில்லை. புரட்டாசி விதைப்புல மாடு நொண்டினா, மண்ணின் ஈரம் நமக்காகக் காத்திருக்குமா? புண் சீக்கிரம் காயட்டும்னு மண்ணையும் சாணியையும் அப்புகிறோம். அது ஆபத்து. ரணஜன்னிக் கிருமி இருப்பதே அவற்றில்தான்.

அதோடு, புண் காயவும் கூடாது. 1962-ல் இங்கிலாந்து விஞ்ஞானி ஜார்ஜ் விண்டர் பன்றிகளிடம் சோதித்தார். ஈரம் காத்த புண், காயவிட்ட புண்ணைவிட ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் மூடியது. பொருக்குத் தட்டினால் புதுத்தோல் அதனடியில் வழி தேடணும். ஈரமிருந்தால் நேராகப் பரவும்.

'ஜெல்' என்ற கூழ் மருந்தின் சூட்சுமம் இதுதான். கற்றாழைச் சோறு இயற்கை தந்த கூழ். அதில் பெரும்பகுதி தண்ணீரே. சென்னை அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம், கால்நடைகளின் கொலாஜன் புரதத்திலிருந்தே புண்ணுக்குப் போடும் கட்டுகளை உருவாக்கியிருக்கிறது.

எண்ணெய்ப் பூச்சும் புண்ணை வறளவிடாது. கோமாரிக் கால்புண்ணுக்கும் காயத்துக்கும் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் சொல்லும் மருந்து இது: குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி இலை வகைக்கு ஒரு கைப்பிடி, பூண்டு 10 பல், மஞ்சள்தூள் 20 கிராம். எல்லாவற்றையும் அரைத்து, 250 மி.லி. நல்லெண்ணெய் அல்லது தேங்காய் எண்ணெயில் காய்ச்சி ஆறவையுங்க. புண்ணைச் சுத்தம் செய்து தடவுங்க. புழு வைத்திருந்தால் முதல் நாள் சீத்தா இலையை அரைத்துப் போடுங்க.

ஆழமான காயமென்றால் கைவைத்தியம் போதாது. கால்நடை மருத்துவரிடம் காட்டுங்க. முள் குத்தியது உங்கள் காலில் என்றால், ஆஸ்பத்திரிக்குப் போய் ரணஜன்னித் தடுப்பூசி பற்றிக் கேளுங்க.