திரையில் வராத ரயில்

நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் ஒரு சின்ன இத்தாலிய உணவகம். மேசைக்கு எதிரே இரண்டு பேர். ஒருவன், மைக்கேலின் அப்பாவைச் சுட ஆள் ஏவியவன். இன்னொருவர், அவனுக்குக் காவலாக வந்திருக்கும் போலீஸ் அதிகாரி. கழிவறையில் ஒளித்து வைத்திருந்த துப்பாக்கியோடு திரும்பி வந்து உட்கார்கிறான் மைக்கேல்.

1972-ல் வெளிவந்த ‘தி காட்ஃபாதர்’ படத்தின் இந்தக் காட்சியில், கழிவறையிலிருந்து திரும்பிய பிறகு மைக்கேலாக நடிக்கும் அல் பசினோ வாயே திறப்பதில்லை. கண்கள் மட்டும் அலைகின்றன. எதிரில் இருப்பவன் இத்தாலிய மொழியில் பேசிக்கொண்டே போகிறான். சப்டைட்டில் கிடையாது. அப்போது எங்கிருந்தோ ஒரு ரயிலின் கிறீச்சொலி எழுகிறது. ஏறி ஏறி அந்தப் பேச்சையே விழுங்குகிறது. மைக்கேல் எழுந்து சுடுகிறான்.

அந்த ரயில் திரையில் வரவே இல்லை. பிராங்க்ஸில் தெருக்களின் மேலேயே ரயில் ஓடும் என்பதால் நம் காது அதைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்கிறது. ஆனால், மூடிய அறைக்குள் அது இத்தனை உரக்கக் கேட்க நியாயமில்லை. இரும்பும் இரும்பும் உரசும் அந்தச் சத்தம் மைக்கேலின் மண்டைக்குள் ஓடுகிறது. அதை அங்கே வைத்தவர் ஒலிக்கலைஞர் வால்டர் மர்ச். நீனோ ரோட்டாவின் இசை, துப்பாக்கி கையை விட்டு விழுந்த பிறகுதான் வருகிறது. முன்பே வயலின்கள் ஒலித்திருந்தால், ‘இங்கே பயப்படுங்கள்’ என்று நமக்கு உத்தரவு போட்டிருக்கும். ரயிலோ நம்மை மைக்கேலின் காதுக்குள் உட்கார வைக்கிறது.

சினிமா பேசத் தொடங்கிய காலத்திலேயே இயக்குநர் ஹிட்ச்காக் இந்த உத்தியைக் கண்டுகொண்டார். 1929-ல் வந்த ‘பிளாக்மெயில்’ படத்தில், தன்னிடம் அத்துமீறியவனைக் கத்தியால் கொன்றுவிட்ட பெண், மறுநாள் காலை வீட்டில் சாப்பிட உட்கார்கிறாள். பக்கத்து வீட்டுக்காரி அந்தக் கொலையைப் பற்றியே வம்பளக்கிறாள். அவள் பேச்செல்லாம் முணுமுணுப்பாகத் தேய, ‘கத்தி’ என்ற ஒரு சொல் மட்டும் திரும்பத் திரும்பத் தெளிவாகக் கேட்கிறது. ரொட்டி நறுக்க எடுத்த கத்தி அவள் கையிலிருந்து தெறிக்கிறது.

இயக்குநர் ரித்விக் கட்டக் இன்னும் துணிந்தவர். ‘மேகே டாக்கா தாரா’ (1960) படத்தின் நீதா, அகதிக் குடும்பத்தைத் தன் சம்பளத்தில் தாங்குகிறவள். காதலனின் அறையில் வேறொரு பெண் இருப்பது தெரிந்து, படிக்கட்டில் இறங்குகிறாள். சவுக்கடி கேட்கிறது. மறுபடியும் ஒரு சவுக்கடி. அந்த வீட்டில் சவுக்கும் இல்லை, அடிப்பவரும் இல்லை. நீதா ஒரு வார்த்தை சொல்லாமல் இறங்கிக்கொண்டே இருக்கிறாள்.

இந்த மூன்று கதாபாத்திரங்களுமே வாய் திறக்க முடியாத இடத்தில் இருப்பவர்கள். முகம் மறைப்பதை ஒலி சொல்கிறது. கலங்கிய முகம் வந்ததுமே இசையைக் கொட்டி நிரப்பும் பழக்கம் நம் படங்களில் இன்னும் போகவில்லை. அதைச் செய்வதற்கு முன், இந்த நொடியில் இவர் காதில் என்ன விழும் என்று இயக்குநர் ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டும். அந்தக் கேள்வியைத் திரைக்கதை எழுதும்போதே கேட்டுவிட்டால் இன்னும் நல்லது.